இரண்டே கால் வயது, பேச்சு இன்னும் வரவில்லை. காத்திருக்கலாமா?

கொங்குமலர் (கோவை):
எல்லோருக்கும் வணக்கம். என் பையனுக்கு இரண்டே கால் வயது. மொத்தமே "அம்மா", "பா", "ண்ணி" (தண்ணீர்), "ம்மே" (ஆடு, மாடு, நாய் எல்லாம் அதுதான்), "டாட்டா" இவ்வளவுதான் வருகிறது. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவான். "இவங்கப்பனும் நாலு வயசு வரைக்கும் வாயே திறக்கலை, இப்போ மீட்டிங்ல அவன் பேச்சை யாராலயும் நிறுத்த முடியறதில்லை" என்கிறார் மாமியார். குழந்தை மருத்துவரும், "ஆம்பளைப் பசங்க கொஞ்சம் லேட்டாத்தான் பேசுவாங்க, பிளே ஸ்கூல்ல போடுங்க" என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் இதே வயதுப் பாப்பா கதையே சொல்கிறது. ஒப்பிடக் கூடாது என்று தெரியும், ஆனால் ராத்திரி தூக்கம் வர மாட்டேன் என்கிறது. காத்திருக்கலாமா?

வள்ளியம்மை ஆச்சி (காரைக்குடி):
கவலைப்படாதே ஆத்தா. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவிவிடு. எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் பேச்சு வந்தது. நாக்கு ஒட்டியிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடு.

பரணி_திருச்சி:
ஐன்ஸ்டைன்கூட லேட்டாத்தான் பேசினாராம். ஃப்ரீயா விடுங்க சிஸ்.

செவிமொழி:
நான் ஸ்பீச் தெரபிஸ்ட். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்துப் பயிற்சி தரும் ஒரு மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் வேலை. நேரில் பார்க்காமல் உங்கள் பையனுக்கு இதுதான் என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் "காத்திருக்கலாமா" என்ற கேள்விக்கு மட்டும் பதில் இருக்கிறது: வேண்டாம். இரண்டு வயதில் ஒரு 50 சொற்களும், "அப்பா வா", "பால் வேணும்" மாதிரி இரண்டிரண்டு சொற்களைச் சேர்ப்பதும் பொதுவாக எதிர்பார்க்கப்படுகிற அளவு. அதற்கு மிகவும் கீழே இருந்தால் ஒருமுறை சோதித்துவிட வேண்டும். பையன்கள் பெண் குழந்தைகளைவிடக் கொஞ்சம் தாமதமாகப் பேசுவது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் சில மாதக் கணக்கு, வருடக் கணக்கு இல்லை. தாமதமாகப் பேசுகிற குழந்தைகளில் பாதிக்கு மேல் தானாகவே சமாளித்து மேலே வந்துவிடும். ஆனால் அந்தப் பாதியில் உங்கள் பையன் இருக்கிறானா என்பதை இப்போதே யாராலும் சொல்ல முடியாது. ஐன்ஸ்டைன் கதையில் எனக்கு இருக்கிற பிரச்சினை அதுதான்.

சரி, முதல் வேலை காது. "நல்லாக் கேக்கறான், டிவி போட்டா ஓடி வர்றான்" என்று வருகிற பெற்றோர் எல்லோருமே சொல்வார்கள். டிவி சத்தம், குக்கர் விசில், பாத்திரம் விழுவது இதெல்லாம் கேட்பது வேறு, பேச்சு தெளிவாகக் கேட்பது வேறு. "ஆ", "ஓ" போன்ற உயிரொலிகள் சத்தமானவை. ச, த, க போன்றவை மெல்லியவை, சட்டென்று முடிந்துவிடும். அவை விடுபட்டுப்போனால் குழந்தைக்கு வீட்டுப் பேச்சு முழுவதும் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோலத்தான் இருக்கும். கூப்பிட்டால் திரும்பும், ஆனால் சொல் மனதில் பதியாது.

ஓ.ஏ.இ. என்றொரு சோதனை உண்டு. காதில் சின்னக் குமிழை வைப்பார்கள், சில நிமிடம்தான், குழந்தை அழாமல் ஆடாமல் இருந்தால் போதும். தேவைப்பட்டால் பெரா என்ற இன்னொரு கேட்புச் சோதனையும் எடுப்பார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, தூக்கத்தில் செய்வது. அதற்குப் போகும்போது காலையில் சீக்கிரமே எழுப்பிவிடுங்கள், பஸ்ஸிலோ காரிலோ தூங்க விடாதீர்கள், அங்கே போனதும் பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். பாதிப் பேர் வழியிலேயே தூங்கி முடித்த குழந்தையோடு வந்து, மறுபடியும் தேதி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

இரண்டாவது, எனக்குச் சில கேள்விகள். கையைப் பிடித்து இழுக்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? வானத்தில் விமானம் போனால் விரலை நீட்டிக் காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று திரும்பிப் பார்க்கிறானா? பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? முன்பு வந்த சொல் ஏதாவது இப்போது நின்றுவிட்டதா?

ஆச்சிக்குத் தனியாக எழுதுகிறேன்.

செவிமொழி:
ஆச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள். வசம்பு நம் வீடுகளில் பிள்ளை வளர்ப்பான் என்ற பேரோடு இருப்பது எனக்கும் தெரியும், என் நாக்கிலும் தடவியிருக்கிறார்கள். ஆனால் அதனால் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்காவில் 1968 லேயே உணவில் அதைத் தடை செய்துவிட்டார்கள். ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குத் தேன் எந்த ரூபத்திலும் கூடாது, பொட்டுலிசம் என்ற நஞ்சு ஏறும் ஆபத்து உண்டு.

நாக்கு விஷயத்துக்கு ஒன்று சொல்கிறேன். நாக்கின் அடியில் உள்ள நாண் இறுக்கமாக இருந்தால் பால் குடிப்பது சிரமமாகலாம், ல, ற போன்ற ஒலிகள் சரியாக வராமல் போகலாம். ஆனால் ம, ப இரண்டும் உதட்டொலிகள், அவற்றில் நாக்குக்கு வேலையே இல்லை. நாக்கு ஒட்டியிருப்பதால் மட்டும் ஒரு குழந்தை "மாமா", "பாப்பா" சொல்லாமல் இருக்காது. சொல்லே வராத குழந்தைக்கு அந்த நாணை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பிப் பெற்றோர் காசும் காலமும் இழப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

வள்ளியம்மை ஆச்சி (காரைக்குடி):
சரிம்மா. நீ படித்தவள், சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வசம்பு வளையல் போடுவேன், அதற்கு ஒன்றும் சொல்லாதே.

கொங்குமலர் (கோவை):
மேடம், பேர் சொன்னால் சில நேரம் திரும்புவான், சில நேரம் திரும்ப மாட்டான். விமானத்தைக் காட்டுவான், சிரிப்பான், என்னைத் திரும்பியும் பார்ப்பான். வந்த சொல் எதுவும் நிற்கவில்லை. சொல்வது எல்லாம் புரிகிறது. "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

செவிமொழி:
விரல் நீட்டுவதும் திரும்பிப் பார்ப்பதும் நல்ல விஷயம். அவை இல்லாமல், பேருக்கும் திரும்பாமல், வந்த சொற்களும் போய்விட்டால் ஆட்டிசம் பக்கமாகவும் சோதிக்க வேண்டியிருக்கும். உங்கள் பையனுக்கும் அதற்கான கேள்வித்தாளை மையத்தில் ஒருமுறை நிரப்பச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான்.

இப்போது "எல்லாம் புரிகிறது" என்பதற்கு வருகிறேன். இந்த இழையில் நான் சொல்வதில் ஒன்றை மட்டும் யாராவது நினைவில் வைத்துக்கொள்வதானால் இது இருக்கட்டும்: குழந்தை எத்தனை சொல் பேசுகிறது என்பதைவிட எவ்வளவு புரிந்துகொள்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். புரிதல் நன்றாக இருந்து பேச்சு மட்டும் தாமதம் என்றால் மனது கொஞ்சம் லேசாகும். இரண்டுமே பின்தங்கினால் வேலை அதிகம். ஆனால் வீட்டில் யாரும் புரிதலைச் சரியாகச் சோதிப்பதில்லை. "செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லும்போது நீங்கள் கதவருகே நிற்கிறீர்கள், கையில் பை இருக்கிறது, செருப்பு ஸ்டாண்டைப் பார்க்கிறீர்கள். அவனுக்குச் சொல்லே தேவையில்லை, காட்சியே போதும்.

இப்படிச் செய்து பாருங்கள். தரையில் உட்காருங்கள். இரண்டு கையும் மடியில் இருக்கட்டும். அவன் முகத்தை மட்டும் பாருங்கள், பொருளைப் பார்க்காதீர்கள். அவனுக்கு நன்றாகத் தெரிந்த சாமான்கள் நாலைந்தைச் சுற்றிலும் போட்டுவிட்டு, "கரண்டியைத் தலையணை மேல வை" என்று சொல்லுங்கள். தினமும் நடக்காத, கொஞ்சம் கோமாளித்தனமான வேலையாக இருக்க வேண்டும், அப்போதுதான் பழக்கத்தில் செய்ய முடியாது. கரண்டியைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தால் பாதி புரிந்திருக்கிறது என்று பொருள். இது மதிப்பெண் போடுகிற பரீட்சை இல்லை, சும்மா கவனித்துவிட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

மற்றொன்று, சொற்களை எண்ணும்போது கஞ்சத்தனம் வேண்டாம். "ண்ணி" என்பது சொல்தான். "ம்மே"யும் சொல்தான். எப்போதும் ஒரே பொருளுக்கோ ஒரே வகைப் பொருள்களுக்கோ ஒரே ஒலியைச் சொன்னால் கணக்கில் சேரும். மாறாக, ஏ பி சி டி முழுவதும் ஒப்பிக்கிறான், ரைம்ஸ் பாடுகிறான் என்பதையெல்லாம் நான் பேச்சில் சேர்ப்பதில்லை.

யாழ்மகள் (டொராண்டோ):
நாங்கள் வீட்டில் தமிழ்தான் கதைப்பது. மகன் மூன்று வயது நெருங்கியும் இரண்டு சொல் சேர்க்கவில்லை. "இரண்டு மொழி குழப்புது, இங்கிலீஷ் மட்டும் கதையுங்கோ" என்று சொந்தக்காரர் எல்லாரும் ஒரே பிடி. அப்படிச் செய்தால் அம்மம்மா பேரனோடு என்னத்தைக் கதைக்கிறது? அவவுக்கு இங்கிலீஷ் வராது. ஒன்டாரியோவில் பள்ளிக்கூடம் போக முதல் பிள்ளைகளுக்கு மாகாண அரசு இலவசமாகப் பேச்சுச் சேவை தருகிறது, டாக்டர் கடிதம் இல்லாமல் நாங்களே போன் பண்ணலாம். அங்கே இருந்த தெரபிஸ்ட் தமிழை விட வேண்டாம் என்று அடிச்சுச் சொன்னா. தமிழில் பத்து, இங்கிலீஷில் எட்டு என்றால் இரண்டையும் கூட்டித்தான் பார்க்கிறதாம். இப்ப அம்மம்மாவும் பேரனும் சண்டை பிடிக்கிறதே தமிழில்தான்.

செவிமொழி:
யாழ்மகள் சொன்னது முற்றிலும் சரி. இரண்டு மொழியால் பேச்சுக் குறைபாடு வராது. மொழிக் குறைபாடு உள்ள குழந்தைகூட இரண்டு மொழி கற்க முடியும், அவரவர் வேகத்தில். பெற்றோர் தங்களுக்குச் சரளமாக வராத இங்கிலீஷில் "கம் ஹியர், சிட் டவுன், ஈட்" என்று மட்டும் பேசினால்தான் குழந்தைக்குக் கிடைக்கிற மொழியே சுருங்கிவிடுகிறது. கோவையிலும் இது நடக்கிறது, டொராண்டோவுக்குப் போக வேண்டியதில்லை.

நத்தம்_வாத்தியார்:
நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர். பேசவே பேசாத குழந்தை யார் கண்ணிலாவது பட்டுவிடும். பேசுகிற, ஆனால் மொழி பிடிபடாத குழந்தையை யாருமே பார்ப்பதில்லை. என் வகுப்பில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். கபடியில் கெட்டி, கூட்டல் பெருக்கல் சரியாகப் போடுவான். அதே கணக்கை வாக்கியமாகக் கொடுத்தால் சும்மா உட்கார்ந்திருப்பான். நேற்று என்ன நடந்தது என்று கேட்டால், "அது வந்து சார்... அவன்... அங்க... அதைப் போட்டான், அப்புறம் அது..." என்று எல்லாமே அது, இது, அங்கேதான். முயல் ஆமைக் கதையில் "முயலை ஆமை முந்தியது" என்ற வரியை வாசித்துவிட்டு யார் முன்னால் போனது என்று கேட்டேன். முயல் என்றான். முன்பு இருந்தவர்கள் எல்லோரும் சோம்பேறி என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். இவன் சோம்பேறி இல்லை, வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

செவிமொழி:
சார், முயல் வேகமாக ஓடும் என்ற பொது அறிவை வைத்தும் அவன் பதில் சொல்லியிருக்கலாம். "சீதாவைக் கீதா தள்ளினாள், யார் விழுந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். இங்கே ஊகிக்க வழியில்லை, "ஐ" உருபைப் பிடித்தால்தான் விடை வரும். முதலில் வந்த பேரையே தள்ளியவளாக எடுத்துக்கொண்டு, கீதாதான் விழுந்தாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னால் நீங்கள் சந்தேகிப்பதில் அர்த்தம் இருக்கிறது. தமிழில் யார் யாருக்கு என்ன செய்தார் என்பது சொல்லின் வாலில்தான் இருக்கிறது, அந்த வால்தான் இந்தக் குழந்தைகளுக்கு நழுவுகிறது.

இதை இப்போது டி.எல்.டி., அதாவது வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்கிறார்கள். காது கேட்கும், ஆட்டிசம் இல்லை, மூளையில் அடிபட்டதில்லை, ஆனாலும் மொழி வசப்படாது. இங்கிலாந்தில் பள்ளியில் சேர்ந்த குழந்தைகளிடம் எடுத்த ஆய்வில் சுமார் 7 சதவீதம் பேருக்கு இருந்தது. 30 பேர் வகுப்பில் இரண்டு பேர். இவ்வளவு பரவலானதற்கு நம் ஊரில் பேரே தெரியாது. உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவர் மூலம் அனுப்புங்கள். அதுவரைக்கும் வகுப்பில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை கொடுங்கள், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். புதுச் சொல்லைப் பாடத்துக்கு முன்பே படத்தோடு காட்டிவிட்டால் நல்லது.

சேலம்_குமரன்:
இதுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா? என் அக்கா மகளுக்குக் கேட்கிறேன்.

செவிமொழி:
சிக்கலான இடம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த விளக்கம் குரல்வளை நீக்கப்பட்டவர்கள், பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் மாதிரியான நிரந்தர நிலைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. டி.எல்.டி. குழந்தை அதில் பொருந்துவது கஷ்டம். கூடவே எழுதப் படிக்கச் சிரமம் இருந்தால் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற வகையில் முயலலாம், தேர்வுச் சலுகைகளும் அந்த வழியாகத்தான் வரும். சட்டம் எழுதியவர்கள் குழந்தைகளை நினைக்கவில்லை என்பது என் எண்ணம்.

மீனா_மதுரை:
என் பொண்ணுக்கு மூன்று வயது, காக்காவைத் "தாத்தா" என்கிறாள். ஜன்னலில் காக்கா வந்தால் "தாத்தா தாத்தா" என்று கத்துவாள், உண்மையான தாத்தா எழுந்து வந்து நிற்பார். கூட்டிக்கொண்டு போகணுமா?

செவிமொழி:
தாத்தா பாவம். க வை த ஆக்குவது இந்த வயதில் மிகச் சாதாரணம், நாலு வயதுக்குள் பெரும்பாலும் மாறிவிடும். இது ஒலி விஷயம், மொழி விஷயம் இல்லை. அவள் சொல்ல வந்தது முழு வாக்கியமாக, அர்த்தத்தோடு வருகிறதா என்று பாருங்கள். மூன்று வயதில் வெளியாட்களுக்குப் பெரும்பகுதி புரிந்தால் போதும். ழ, ற இரண்டும் கடைசியில்தான் வரும். ழ வராத ஏழு வயதுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிற பெற்றோரே "வாளப்பளம் சொல்ல மாட்டேங்கறான் மேடம்" என்பார்கள். நான் என்ன செய்ய?

நத்தம்_வாத்தியார்:
😂

பெருங்களத்தூரான்:
திக்குவாய் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு இப்போது 41 வயது, இன்னும் திக்கும். "மூச்சை இழுத்துட்டு மெதுவாச் சொல்லுடா" என்று சொல்லாத ஆள் என் வாழ்க்கையில் கிடையாது. நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள், ஆனால் அது காதில் விழுந்த உடனே தொண்டை இன்னும் இறுகும். கல்லூரி நாட்களில் கிண்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போது கண்டக்டரிடம் பெருங்களத்தூர் என்று சொல்ல வராது, அந்தப் "பெ" பூட்டிக்கொள்ளும். வண்டலூர் என்று கேட்டு, கூடக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, முன்னாடியே இறங்கிவிடுவேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. குழந்தை திக்கினால் தயவுசெய்து வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். அது சொல்லி முடிக்கும் வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். அது போதும்.

செவிமொழி:
இதற்கு மேல் நான் சேர்க்க அதிகம் இல்லை. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் திக்கல் தொடங்குவது வழக்கம், ஏறக்குறைய 5 சதவீதக் குழந்தைகளுக்கு ஒரு கட்டத்தில் வரும், பெரும்பாலானவர்களுக்குப் போய்விடும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலோ, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, சொல்லும்போது கண்ணை இறுக்குவது, காலைத் தட்டுவது போன்ற போராட்டம் தெரிந்தாலோ உடனே வாருங்கள்.

ராஜி_கண்ணன்:
தெரபி சென்டர்கள் பற்றியும் எழுதுங்கள். நாங்கள் போன இடத்தில் மூன்று மாதப் பேக்கேஜ் என்று மொத்தப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். கதவைச் சாத்திவிட்டு முக்கால் மணி நேரம். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் காட்டவில்லை. கேட்டால், "அம்மா இருந்தா குழந்தை கோஆப்பரேட் பண்ணாது" என்று பதில். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதித் தந்தது கிடையாது.

செவிமொழி:
இந்த வயதில் அம்மா அப்பாவை வெளியே உட்கார வைக்கிற இடத்துக்குப் போகாதீர்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் நாங்கள் பேசி எந்தக் குழந்தைக்கும் பேச்சு வராது. மீதி நேரம் முழுக்க அவன் வீட்டில்தான் இருக்கிறான், அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று உங்களுக்குச் சொல்லித் தருவதுதான் எங்கள் வேலை. தெரபிஸ்டிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கழகம்) பதிவு எண் கேளுங்கள், தயங்காதீர்கள், அது இல்லாமல் தொழில் செய்யக் கூடாது.

அரசு வழியும் இருக்கிறது. ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலச் சோதனைத் திட்டம் 2013 இல் வந்தது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து பிறப்பு முதல் 18 வயது வரை பார்த்து, மாவட்ட மையத்துக்கு அனுப்பும். அவர்கள் அனுப்பாமல் நேராக வந்தாலும் பார்க்கிறோம். சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. கோவைக்காரர்களுக்கு மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்புக் கழகம் பக்கம்தான், சத்தியமங்கலம் திம்பம் வழியாகப் பஸ் உண்டு. செவித்திறன் மிகக் குறைவு என்று தெரிந்தால் ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி (அறுவை செய்து உள்காதில் வைக்கிற கேட்புக் கருவி) பொருத்த முதலமைச்சர் காப்பீட்டில் வழி இருக்கிறது. ஆனால் ஆறு வயது வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், ஒன்றரை இரண்டு வயதில் பொருத்திய குழந்தைக்கும் ஐந்தில் பொருத்திய குழந்தைக்கும் பேச்சில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

கொங்குமலர் (கோவை):
எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு வந்தோம். ஓ.ஏ.இ. சோதனையில் இரண்டு காதிலும் பதில் வரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் இன்னொரு சோதனை, காதுக்குள் காற்றழுத்தம் பார்ப்பது, அதில் கோடு மட்டமாக வந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார் ஈ.என்.டி. டாக்டர். அடிக்கடி சளி பிடிக்குமா என்று கேட்டார், பிடிக்கும். மூன்று மாதம் பார்க்கலாம், பலருக்குத் தானே வற்றிவிடும், இல்லாவிட்டால் சின்னக் குழாய் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். கரண்டி தலையணை செய்து பார்த்தேன். கரண்டியை எடுத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தெரபிஸ்ட் சொன்னபடி வீட்டில் "இது என்ன, அது என்ன" என்று கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டோம். மாமியார் முதலில் முறைத்தார், இப்போது அவர்தான் சமையலறையில் அவனை மேடைமேல் எதிரில் உட்கார வைத்து, "வெங்காயம் உரிக்கறேன், கண்ணு எரியுது, தோலைப் போடறேன்" என்று ஓட்டுகிறார். மிக்ஸியும் டிவியும் ஓடும்போது பேசுவதில்லை. பிஸ்கட்டை மூடி இறுக்கமான கண்ணாடி டப்பாவில் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். நேற்று டப்பாவை என்னிடம் நீட்டி "தொ" என்றான். திற என்பதற்கு. கணக்கில் சேருமா மேடம்?

செவிமொழி:
சேரும், தாராளமாகச் சேரும். அடுத்த முறை "தொற" என்று அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள், நீங்களே "திற, டப்பாவைத் திற" என்று சொல்லிக்கொண்டே திறந்து கொடுங்கள். மூன்று மாதம் கழித்துச் சோதனைக்குத் தேதியை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீர் வற்றிவிட்டது என்று தோன்றினாலும் போங்கள், பார்த்துச் சொல்ல வேண்டியது மெஷின். அதுவரை பேச்சுப் பயிற்சியை நிறுத்த வேண்டாம், காது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். காதுநீர் ஒன்றுதான் காரணமா, வேறு ஏதும் சேர்ந்திருக்கிறதா என்பது காது தெளிந்த பிறகுதான் தெரியும்.

பரணி_திருச்சி:
மேடம், என் தங்கச்சி பையனுக்கு ஒன்றரை வயது, மொபைல் கொடுத்தால்தான் சாப்பிடுவான், அதனால பேச்சு பாதிக்குமா?

செவிமொழி:
உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்கிறது. பெரிய விஷயம், புது இழையாகத் தொடங்குங்கள், அங்கே வருகிறேன். தலைப்பில் வயதைப் போடுங்கள்.